எண்டோதீலின் வாங்கிகளும் வன்னியின் சிறுநீரக நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பெரிதும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய மற்றொரு வரலாறும் உண்டு. அது நோய்களின் வரலாறாகும். குளங்கள் தூர்ந்தவிடத்துக் காடு மண்டியது. காடு மண்டியவிடத்துக் காய்ச்சல் குடிகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை வன்னியிற் குடியேறத் தயங்கியோர் காட்டு விலங்குகளினும் மலேரியாவுக்கே மிகுதியும் அஞ்சினர். அந்நோயை வெல்ல முடிந்தமைக்கு அதன் காரணம் அறியப்பட்டமையே அடிப்படையாயிற்று. 1897இல் றொனால்ட் றொஸ் மலேரியாக் கிருமியை நுளம்பின் உடலிற் கண்டார். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரீ. தெளிக்கும் பணி இலங்கையில் ஆரம்பமாயிற்று. இடையிற் பின்னடைவுகள் பல நேர்ந்தபோதும், 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆயின், ஒரு நோய் விடைபெறுவதற்கு முன்னரே மற்றொன்று வந்து சேர்ந்திருந்தது. 1990களில் வடமத்திய மாகாணத்து மருத்துவர்கள், நீரிழிவோ நெடுநாட் குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலைக்கு வருவதைக் கண்டனர். மதவாச்சி, பதவியா முதலிய இடங்களிற் பெரிதும் இனங்காணப்பட்ட இந்நோய், அவற்றை அடுத்துள்ள வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் பின்னர் அறியப்பட்டது. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பதே அதற்கு இடப்பட்ட பெயர். அறியாமையே பெயராய் அமைந்த நோய் அது.

இந்நோய் வன்னியின் எல்லையை எட்டிய அதே காலப்பகுதியில், உலக மருத்துவத்தில் ஒரு புதிய அதிகாரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. குருதிக்கலன்களைச் சுருக்கும் எண்டோதீலின் என்னும் பொருளும், அது வந்து பொருந்தும் வாங்கிகளும், அவ்வாங்கிகளை அடைத்துவிடும் மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாய் அறியப்பட்டன. அம்மருந்துகள் இன்று சிறுநீரக நோய்க்கும் வழங்கப்படுகின்றன. இவ்விரு வரலாறுகளும் எங்கே சந்திக்கின்றன, எங்கே சந்திக்கத் தவறின என்பது ஈண்டு நோக்கப்படுகின்றது.

அகவணியின் இரு குரல்கள்

குருதிக்கலனின் உட்புறத்தை ஒற்றைக் கலப்படையாக மூடியிருப்பது அகவணி. குருதி ஒட்டாது வழுக்கிச் செல்ல உதவும் பூச்சு என்பதற்கு மேலாக அதற்குப் பெரிய தொழில் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1980இல் அமெரிக்க அறிஞர் றொபேட் பேர்ச்கொட் இவ்வெண்ணத்தை மாற்றினார். முயலின் பெருநாடித் துண்டின்மீது அசற்றைல்கோலினை இட்டபோது, அகவணி சிதையாதிருந்தால் மட்டுமே அத்துண்டு தளர்வதை அவர் காட்டினார். தளர்ச்சிக்குக் காரணமான பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு எனப் பின்னர் தெளிவாயிற்று. அதற்காக 1998ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பேர்ச்கொட்டுக்கும் வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தளர்த்தும் பொருள் ஒன்று உண்டெனில் சுருக்கும் பொருளும் இருத்தல் கூடுமன்றோ? 1985இல் கிறிஸ்டின் ஹிக்கி முதலானோர், மாட்டின் பெருநாடி அகவணிக் கலங்களை வளர்த்த ஊடகத்தில் அத்தகைய பொருள் ஒன்று இருப்பதை அறிவித்தனர். புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தால் அதன் ஆற்றல் அழிந்தமையால், அது பெப்தைட்டு இனத்தது என்பது புலனாயிற்று. அதனைப் பிரித்தெடுத்து இனங்கண்ட பெருமை யப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தைச் சாரும். பேராசிரியர் தொமோ மசாக்கியின் ஆய்வுகூடத்தில், அப்போது பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த மசாசி யானகிசவா பன்றியின் அகவணிக் கலங்களிலிருந்து அப்பொருளைத் தூய்மைப்படுத்தினார். அதன் அமினோ அமில வரிசையும் பரம்பரையலகின் அமைப்பும் 1988 மார்ச் 31ஆம் திகதி 'நேச்சர்' இதழில் வெளியாயின. 21 அமினோ அமிலங்களும் இரு கந்தகப் பாலங்களும் கொண்ட அச்சிறு பெப்தைட்டுக்கு எண்டோதீலின் என்று பெயரிடப்பட்டது. அதுவரை அறியப்பட்டிருந்த குருதிக்கலன் சுருக்கிகளுள் அதுவே மிக்க ஆற்றலுடையதாய் விளங்கிற்று.

வயலுக்கு நீர் பாய்ச்சும் முறையை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. குளத்தின் துருசைத் திறப்பவனும் அவனே, அடைப்பவனும் அவனே. அகவணியும் அத்தகையதே. நைத்திரிக் ஒட்சைட்டால் வாய்க்காலை அகலச் செய்கின்றது, எண்டோதீலினால் ஒடுக்குகின்றது. ஒரு வேறுபாடு உண்டு. முன்னையது கணப்பொழுதில் மறைவது. பின்னையதன் செயலோ நெடுநேரம் நீடிப்பது. எண்டோதீலின் தன் வாங்கியை எளிதில் விட்டு நீங்குவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

நஞ்சு தந்த சான்று

எண்டோதீலினின் அமைப்பு வெளியானதும் எதிர்பாராத திசையிலிருந்து ஓர் ஒற்றுமை தெரிந்தது. இஸ்ரேலின் ஐன் கெதிப் பகுதியின் பெயரைத் தாங்கிய, மண்ணைத் துளைத்து வாழும் பாம்பு ஒன்றின் நஞ்சைத் தெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் எலாசர் கொச்வாவும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து வந்தனர். அந்நஞ்சு இதயத்தின் முடியுரு நாடிகளைச் சுருக்கி விரைவில் உயிர் போக்குவது. அதிலுள்ள சரபோதொட்சின்கள் என்னும் பெப்தைட்டுகளும் 21 அமினோ அமிலங்கள் கொண்டவை. கந்தகப் பாலங்களும் அதே இடங்களில் அமைந்தவை. பன்றியின் குருதிக்கலனும் பாலைநிலப் பாம்பின் நச்சுப்பையும் ஏறக்குறைய ஒரே பொருளை ஆக்குகின்றன என்பது 1988இலேயே வெளிப்பட்டது. உடலிற் சிறிதளவாய் இருந்து பணிபுரியும் பொருள், அளவு மிகுந்தால் நஞ்சாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

வன்னியிற் பாம்புக்கடியும் சிறுநீரகமும் தொடர்புற்றவை என்பதை மக்கள் முன்னரே அறிவர். புடையன் தீண்டியவருக்குச் சிறுநீர் தடைப்படுவதுண்டு. ஆயின் புடையனின் நஞ்சு வேறு வழியிற் செயற்படுவது. குருதி உறையும் முறையைக் குலைத்துச் சிறுநீரகத்தைத் தாக்குவது. அதனைச் சரபோதொட்சினோடு மயங்கக் கொள்ளலாகாது. நஞ்சிலிருந்து மருந்தியல் பெற்ற மற்றொரு கொடையை இங்கு நினைத்தல் தகும். பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சிலுள்ள பெப்தைட்டுகளை முன்மாதிரியாகக் கொண்டே கப்ரோப்பிரில் என்னும் குருதியமுக்க மருந்து ஆக்கப்பட்டு, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அஞ்சியோதென்சின் என்னும் வேறொரு சுருக்கியின் ஆக்கத்தைத் தடுக்கும் அம்மருந்தின் வழிவந்தவையே, இன்று நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள்.

இரு வாங்கிகள், இரு தொழில்கள்

ஒரு பொருள் கலத்தின்மீது செயற்பட வேண்டுமெனின், அதனை ஏற்கும் வாங்கி அக்கலத்தில் இருத்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டு திசெம்பரில் 'நேச்சர்' இதழில் இரு கட்டுரைகள் ஒருங்கே வெளிவந்தன. ஒன்று கியோத்தோவிலிருந்தும் மற்றொன்று சுக்குபாவிலிருந்தும் எழுதப்பட்டவை. இவற்றால் ஏ வகை, பீ வகை என இரு வாங்கிகள் அறியப்பட்டன. இரண்டும் கலமென்சவ்வை ஏழு முறை ஊடறுத்து நிற்கும் புரதங்கள்.

ஏ வகை வாங்கி குருதிக்கலனின் மழமழப்பான தசையிற் பெரிதும் உள்ளது. எண்டோதீலின் அதனிற் பொருந்தியதும் ஜீ புரதம் ஒன்று தூண்டப்படுகின்றது, கலத்தினுள் சேமிக்கப்பட்டிருந்த கல்சியம் வெளிவிடப்படுகின்றது, தசை சுருங்குகின்றது. தூண்டல் நாட்கணக்கில் நீடித்தால் கலங்கள் பெருகி, நார்த்தன்மையுள்ள இழையம் படிகின்றது. பீ வகை வாங்கி பெரும்பாலும் அகவணியிலேயே உள்ளது. அது நைத்திரிக் ஒட்சைட்டை வெளிவிடச் செய்து கலனைத் தளர்த்துவதோடு, குருதியிலுள்ள எண்டோதீலினை, சிறப்பாக நுரையீரலில், அகற்றியும் விடுகின்றது. சிறுநீரகத்தின் சேர்க்கும் குழாய்களில் அதே வாங்கி சோடியமும் நீரும் வெளியேறத் துணைபுரிகின்றது. அடைப்பவனையும் திறப்பவனையும் ஒரே பொருள் ஏவுவது இதனால் விளங்கும்.

இவ்வாங்கிகளின் தொழில் குருதிக்கலனோடு முடிவதன்று. 1994இல், எண்டோதீலின் பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகள் தாடையும் முகமும் குறைபட்டுப் பிறந்து இறந்தன. பீ வகை வாங்கி இழந்த சுண்டெலிகளில் பெருங்குடலின் நரம்புக் கலங்கள் வளரவில்லை. மனிதரில் ஹேர்ச்பிறங் நோய் எனப்படும் பிறவிக் குடல் நோய்க்கும் அவ்வாங்கியின் பழுது ஒரு காரணமென அதே ஆண்டு அறியப்பட்டது. கருவின் ஆக்கத்திற்கு எண்டோதீலின் இன்றியமையாதது என்பது இவற்றாற் பெறப்படும். எண்டோதீலின் தடுப்பு மருந்துகளைக் கருவுற்ற பெண்கள் உட்கொள்ளலாகாது என்னும் கடும் விதி இவ்வுண்மையின் விளைவாகும்.

தடுப்பு மருந்துகளின் ஏற்றமும் தாழ்வும்

வாங்கிகள் அறியப்பட்டதும் அவற்றை அடைக்கும் மருந்துகளைத் தேடும் போட்டி மருந்து நிறுவனங்களிடையே மூண்டது. பூட்டினுட் பொருந்தியும் அதனைத் திறவாத பொய்த் திறப்பு ஒன்றைச் செய்வதே நோக்கம். மண்வாழ் நுண்ணுயிர் ஒன்று தந்த பெப்தைட்டை அடியொற்றி, ஏ வகை வாங்கியை மட்டும் அடைக்கும் பீ.கியூ. 123 என்னும் பொருள் யப்பானில் ஆக்கப்பட்டது. வாயால் உட்கொள்ளத்தக்க பொசென்டன் சுவிற்சர்லாந்தில் உருவாயிற்று. அது இரு வாங்கிகளையும் அடைப்பது. அதன் ஆக்கத்தில் முன்னின்ற மார்ட்டின் குளோசலும் கணவர் ஜோன் போல் குளோசலும் 1997இல் அக்டீலியன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியோருள் அடங்குவர்.

உயர் குருதியமுக்கத்திற்கும் இதயச் செயலிழப்பிற்கும் இம்மருந்துகள் பெருந்துணை புரியும் என முதலில் நம்பப்பட்டது. பொசென்டன் குருதியமுக்கத்தைக் குறைப்பது 1998இல் காட்டப்பட்டது உண்மையே. எனினும் ஈரலுக்கு ஏற்பட்ட தீங்கு அதன் வழியை மறித்தது. இதயச் செயலிழப்புப் பற்றிய பரிசோதனைகளோ தோல்வியில் முடிந்தன. உடலில் நீர் தேங்குவதை அம்மருந்து மிகுவித்ததே ஒழிய, உயிரைக் காக்கவில்லை. இறுதியில் வேறு பெரிய மருந்தில்லாத ஓர் அரிய நோயே அதற்கு இடமளித்தது. நுரையீரல் நாடிகளின் உயர் அமுக்கத்திற்கு 2001 நவம்பரில் பொசென்டன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007இல் அம்பிரிசென்டனும் 2013இல் மசிடென்டனும் அதனைத் தொடர்ந்தன. சிட்டாக்சென்டன் என்னும் மற்றொன்று, ஈரலைச் சிதைத்து மரணங்களை விளைத்தமையால் 2010இல் உலகச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. தொடக்கத்திற் கைவிடப்பட்ட குருதியமுக்க நோக்கம், 2024 மார்ச்சில் அப்ரோசிடென்டன் அனுமதி பெற்றதோடுதான் நிறைவேறிற்று.

சிறுநீரகத்தை நோக்கி

சிறுநீரகத்தில் எண்டோதீலின் ஆற்றும் தீங்கு பலவகைப்பட்டது. கலன்கோளத்திற்குக் குருதியைக் கொணரும் சிறுநாடிகளை அது ஒடுக்குகின்றது; வடியின் நுண்ணிய அமைப்பைச் சிதைத்துப் புரதம் சிறுநீரிற் கசிய வழி செய்கின்றது; குழாய்களுக்கிடையே நாரிழையம் படிவதைத் தூண்டுகின்றது. எனவே ஏ வகை வாங்கியை அடைத்தாற் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பாயிற்று.

முதல் முயற்சி தவறிற்று. நீரிழிவுச் சிறுநீரக நோயாளருக்கு அவோசென்டன் வழங்கிய பரிசோதனையிற் சிறுநீர்ப் புரதம் குறைந்தது. ஆயின் உடலில் நீர் தேங்கி இதயம் செயலிழந்தோர் தொகை மிகுந்தமையால் அது இடையில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. இத்தோல்வி கற்பித்த பாடத்தை அத்திரசென்டன் பரிசோதனை ஏற்றுக்கொண்டது. அதில், சிறிதளவு மருந்தை முதலிற் கொடுத்து, நீர் தேங்காது புரதம் குறைந்த 2,648 பேரைத் தெரிந்து, அவர்களிடமே முதன்மை ஆய்வு நடத்தப்பட்டது. சிறுநீரக இழப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்ததென 2019இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

பின்னர் ஸ்பார்சென்டன் வந்தது. அது ஒரே மூலக்கூறால் அஞ்சியோதென்சின் வாங்கியையும் எண்டோதீலின் ஏ வகை வாங்கியையும் அடைப்பது. பிரேசில் விரியனால் தொடங்கிய ஆராய்ச்சி மரபும் அகவணி ஆராய்ச்சியால் தொடங்கிய மரபும் ஒன்றிய இடம் அது. ஐ.ஜீ.ஏ. சிறுநீரக நோயாளர் 404 பேரிடம் நடந்த பரிசோதனையில், 36 வாரங்களிற் சிறுநீர்ப் புரதம் ஏறத்தாழ 50 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டு மருந்தான இர்பெசாட்டன் 15 சதவீதமே குறைத்தது. 2023 பெப்ருவரியில் நிபந்தனையோடும் 2024 செப்ரெம்பரில் முழுமையாகவும் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அத்திரசென்டனும் அதே நோய்க்கு 2025 ஏப்பிரலில் அனுமதி பெற்றது.

வன்னி விவசாயியும் பரிசோதனையின் வாயிலும்

இவ்வெற்றிகளை வன்னியின் நோயோடு ஒப்புநோக்கும்போது ஓர் இடைவெளி தென்படுகின்றது. மேற்கூறிய பரிசோதனைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவாயில் உண்டு. அவ்வாயிலின் திறப்பு சிறுநீர்ப் புரதமாகும். அவோசென்டன், அத்திரசென்டன் பரிசோதனைகள் நீரிழிவோடு புரதக் கசிவும் உடையோரையே ஏற்றன. ஸ்பார்சென்டன் பரிசோதனை நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதக் கசிவை வேண்டிற்று. வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் காணப்படும் நோயோ கலன்கோளத்தில் அன்றி, குழாய்களிலும் அவற்றின் இடையிழையத்திலுமே தொடங்குவது. இழையத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தோர் குழாய்கள் மெலிந்து நாரிழையம் படிந்திருப்பதையே முதன்மையாகக் கண்டனர். சிறுநீரிற் கசியும் புரதம் பெரும்பாலும் சிறிதளவே. கால் வீங்குவதில்லை, வலி பெரிதாயிருப்பதில்லை. சோர்வு மேலிட்டு வைத்தியசாலைக்கு வரும் நாளிற் சிறுநீரகத்தின் பெரும்பகுதி அழிந்திருக்கும். அத்தகையோர்க்கு அப்பரிசோதனைகள் எதனிலும் இடமிருக்கவில்லை.

எண்டோதீலினுக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இராது என்று கூறுதற்கும் ஆதாரமில்லை. தொடர்பை ஐயுறுதற்கு இடமுண்டு. மனித எண்டோதீலினை மிகுதியாக ஆக்குமாறு மாற்றியமைக்கப்பட்ட சுண்டெலிகளில், குருதியமுக்கம் உயராமலே சிறுநீரகத்தின் இடையிழையத்தில் நார் படிந்ததை 1997இல் ஜேர்மன் ஆய்வாளர் வெளியிட்டனர். ஒட்சிசன் குறைந்தால் அகவணிக் கலங்கள் எண்டோதீலினை மிகுதியாக ஆக்கும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. வெயிலில் உடல்நீர் வற்ற உழைப்பவரின் சிறுநீரகம் குருதி குன்றி ஒட்சிசனுக்கு ஏங்குவது இயல்பு. இவற்றை இணைத்து நோக்கின் ஒரு வினா பிறக்கின்றது. எனினும் வினா விடையாகாது. நீர் வற்றிய உடலில் குருதிக்கலனைத் தளர்த்தும் மருந்து குருதியமுக்கத்தை ஆபத்தான அளவு தாழ்த்தவும் கூடும். வயலில் உழைக்கும் ஒருவருக்கு அம்மருந்து நன்மையா தீமையா என்பது அவரைப் போன்றவரிடம் ஆராய்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டியது.

நோயின் காரணம் பற்றிய ஆய்வும் இத்தகைய இடைவெளி உடையதே. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு சுகாதார அமைச்சு நடத்தி 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வு அனுராதபுரம், பொலனறுவை, பதுளை ஆகிய மாவட்டங்களில் நிகழ்ந்தது. அங்கு ஆண்களில் 12.9 சதவீதத்தினரிடமும் பெண்களில் 16.9 சதவீதத்தினரிடமும் நோய் காணப்பட்டது. முற்றிய நிலை ஆண்களிடமே மிகுந்திருந்தது. வன்னி மாவட்டங்கள் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. 2009 மே வரை நீடித்த போரும், அதனைத் தொடர்ந்த முகாம் வாழ்வும் மீள்குடியேற்றமும் நடந்த மண்ணில், இத்தகைய நோயின் தொடக்க கால வரலாற்றைப் பதிவேடுகளிலிருந்து மீட்டெடுத்தல் எளிதன்று. கிணற்று நீரின் வன்மையும் புளோரைட்டும், கட்மியம் முதலிய உலோகங்கள், பயிர்ப் பீடைநாசினிகள், வெப்பமும் உடல்நீர் இழப்பும், எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள் எனப் பல காரணங்கள் ஐயுறப்பட்டுள்ளன. கிளைபோசேற்று என்னும் களைநாசினிக்கு 2015இல் நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திர மாநிலத்தின் உத்தானப் பகுதியிலும் இதனை ஒத்த நோய் உண்டு. வெப்ப நாடுகளின் உழைப்பாளரைத் தெரிந்து தாக்கும் நோய் என்பதே இவ்விடங்களுக்குரிய பொதுமை.

முடிவுரை

எண்டோதீலினின் வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, பயன் கருதாத ஆய்வே பெரும்பயன் தரும் என்பது. சுக்குபாவின் மாணவரோ தெல் அவிவின் பாம்பாய்வாளரோ சிறுநீரக மருந்தைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஆயினும் 1988இல் அவர்கள் இட்ட வித்து, 35 ஆண்டுகள் கழிந்து சிறுநீரக மருந்தாய்ப் பயன் தந்தது. இரண்டாவது, மருந்து தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கே விடை கூறும் என்பது. நீரிழிவாளரின் வினா கேட்கப்பட்டது, ஐ.ஜீ.ஏ. நோயாளரின் வினா கேட்கப்பட்டது. வாய்க்காலோரம் வெயிலில் நிற்கும் விவசாயியின் வினா அப்பரிசோதனைகளிற் கேட்கப்படவில்லை.

அவ்வினாவைக் கேட்க வேண்டிய இடங்கள் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 முதல் இயங்கி வருகின்றது. அதன் விவசாய, பொறியியற் பீடங்கள் கிளிநொச்சியிலே அமைந்துள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிணற்று நீரை ஆண்டுதோறும் அளப்பது, நோயாளரின் தொழிலையும் பருகிய நீரையும் பதிவது, சிறுநீர்ப் புரதத்தை மட்டும் நம்பாது குருதியின் கிரியற்றினினையும் கிராமங்களிற் சோதிப்பது ஆகியன பெரும்பொருட் செலவு வேண்டாப் பணிகள். அவை நிறைந்தபின் உலகின் மருந்துகளுள் எது வன்னிக்குரியது என்ற தேர்வு பொருளுடையதாகும். நுளம்பினுட் கிருமியைக் கண்ட பின்னரே வன்னி மலேரியாவிலிருந்து மீள வழி பிறந்தது. இந்நோய்க்கும் அத்தகைய காண்டல் ஒன்று வேண்டப்படுகின்றது.